அப்பாவின் குடி, அண்ணனின் நோய்: அடுத்து என் குழந்தைக்கா?

28 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா பல வருடங்கள் குடித்து, கல்லீரல் கெட்டு, 54 வயதில் இறந்துபோனார். அம்மா மனச்சோர்வுக்கு இரண்டு முறை சிகிச்சை எடுத்தவர். ஐந்து வயது மூத்த அண்ணன் கல்லூரிக் காலத்தில் கஞ்சா பிடிக்கத் தொடங்கினார். 22 வயதில் அவர் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. வீட்டில் இருப்பவர்களே தனக்கு விஷம் வைப்பதாகச் சந்தேகப்பட்டார். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கஞ்சாவை விட்டுப் பல வருடம் ஆகிறது. சமீப காலமாக க்ளோசபின் மாத்திரையில் தேறியிருந்தார், ஆனால் சிகரெட் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டைத் தாண்டும். "சிகரெட்டையாவது ஒழிக்கலாம் என்று மூன்று வாரத்துக்கு முன்பு அம்மாவும் நானும் சேர்ந்து அடியோடு நிறுத்திவிட்டோம். அதிலிருந்து பகலெல்லாம் தூங்குகிறார். தலையணை நனைகிற அளவுக்கு எச்சில் வடிகிறது. நடக்கும்போது தடுமாறுகிறார். நோய் முற்றுகிறதோ என்று பயமாக இருக்கிறது" என்கிறார்.

வாசகிக்குத் திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறார்கள். கணவருக்கு அண்ணனின் நோய் அரைகுறையாகத் தெரியும். அப்பா எதனால் இறந்தார் என்பது தெரியாது. அவர் கேட்பவை இவை. மனச்சிதைவு 80% பரம்பரை என்று படித்தேன், அப்படியென்றால் எனக்கு வர 80% வாய்ப்பா? அண்ணனுக்கு வந்தது கஞ்சாவாலா, எங்கள் ரத்தத்தாலா? முன்கூட்டியே கண்டுபிடிக்க மரபணுப் பரிசோதனை இருக்கிறதா? நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? கணவரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது?

நடுவில் ஒரு வரி: "எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. கணவருக்கு இரவுப் பணி இருக்கும் நாட்களில் மட்டும், வாரத்தில் மூன்று நான்கு நாள், தூக்கம் வருவதற்காக இரண்டு கிளாஸ் ஒயின். அதுவும் எனக்கு ஏறவே ஏறாது. ரொம்ப முடியாத நாளில் அண்ணனுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதி."

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. முதலில் அது.

அண்ணனின் மருத்துவரை இன்றைக்கே கூப்பிடுங்கள்

நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் நோய் முற்றுவது அல்ல. மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதன் அடையாளமாகவே தெரிகிறது. சிகரெட் புகையில் இருக்கும் தார் வகைப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். க்ளோசபினையும், அதே வகை மருந்தான ஓலன்சபினையும் சிதைப்பது அதே நொதிதான். அதனால் அதிகம் புகைப்பவருக்கு மருந்து சீக்கிரம் கரைந்து போகும்; அதற்கு ஏற்றபடி மருத்துவர் அளவைக் கூட்டி வைத்திருப்பார். சிகரெட்டைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் அந்த நொதி சாதாரண நிலைக்கு இறங்கிவிடும். மாத்திரையின் அளவு அதேதான், ஆனால் ரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்காக ஏறலாம். சிலருக்கு இரண்டு மடங்கையும் தாண்டும். பகல் தூக்கம், எச்சில், தள்ளாட்டம் எல்லாம் இதனோடு அப்படியே பொருந்துகின்றன.

இதற்காக அவர் கையில் மறுபடி சிகரெட்டைக் கொடுக்க வேண்டாம். பயந்துபோய் நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். க்ளோசபினைச் சட்டென்று நிறுத்தினால் குரல்கள் வேகமாகத் திரும்பி வரும். தொடர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கவும் கூடாது, மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். மருத்துவரிடம் "இந்தத் தேதியிலிருந்து சிகரெட் இல்லை" என்று தேதியோடு சொல்லுங்கள். அவர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் குறைப்பார். அதற்குள் வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழவில்லை என்றாலும், நாள் கணக்கில் மலம் போகாமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தாலும், காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அளவைக் குறைத்த பிறகு அண்ணன் யாருக்கும் தெரியாமல் புகைக்க ஆரம்பித்தால் மருந்து போதாமல் போகும், நோய் தலைகாட்டும். அவர் 33 வயது மனிதர். அவரைக் கேட்காமல் பிடுங்கி வைத்த சிகரெட் எப்படியும் வேறு வழியில் வந்து சேரும். நிகோடின் பட்டை, நிகோடின் கம் இவற்றைப் பற்றி அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அந்த நொதியை முடுக்குவது புகைதான், நிகோடின் அல்ல. எனவே அவை மருந்தின் அளவைக் குழப்பாது. நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள், அதில் சந்தேகமே இல்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம், அவ்வளவுதான்.

80% என்ற அந்தக் கணக்கு

நீங்கள் படித்த எண் பொய் அல்ல. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் மனச்சிதைவின் பரம்பரைத் தன்மையை ஏறத்தாழ 80% என்று சொல்கின்றன. மது அடிமைத்தனத்துக்கு அது ஏறத்தாழ 50%, மனச்சோர்வுக்கு 40%-க்குச் சற்றுக் கீழே. ஆனால் இந்த எண் தனி ஆளைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை; அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை மரபணு வித்தியாசங்களால் விளக்கலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. அதை உங்கள் தலைமேல் வைத்து "எனக்கு 80%" என்று படிக்கக் கூடாது. படித்தவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குவார்கள்.

உங்களுக்கு வேண்டிய எண் வேறு. பொதுவாக வாழ்நாளில் மனச்சிதைவு வருவது நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு. உடன்பிறந்தவருக்கு அந்த நோய் இருந்தால் நூறில் ஒன்பது பேருக்கு வரலாம் என்று பழைய குடும்ப ஆய்வுகள் சொல்கின்றன. மாமாவுக்கோ அத்தைக்கோ இருந்தால், அதாவது உங்கள் குழந்தையின் நிலையில், நூறில் மூன்று நான்கு பேர். உங்களுடைய ஒன்பதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டது, ஏனென்றால் இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதிக்கும் முப்பதுக்கும் நடுவில் தொடங்குவது. பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வரலாம் என்பதால் முழுக்கக் கடந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அச்சு அசல் ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில்கூட, ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான்.

கஞ்சாவா, ரத்தமா?

இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் எத்தனை சண்டையைக் கிளப்பியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. "கெட்ட சகவாசம்" என்று அம்மா சொல்ல, "அப்பாவின் ரத்தம்" என்று நீங்கள் நினைக்க, நடுவில் அண்ணன் பேசாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

மரபணுக்கள் நம்முடைய நோய்ப் பட்டியலைப் படித்துவிட்டு வேலை செய்வதில்லை. 2013-ல் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, ஆட்டிசம், கவனக்குறைவு-மிகை இயக்கக் கோளாறு ஆகிய ஐந்தையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, அவற்றுக்குப் பொதுவான மரபணு இடங்கள் இருப்பதைக் காட்டியது. நரம்பு செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயில்களோடு தொடர்புள்ள மரபணுக்களும் அதில் இருந்தன. 2019-ல் எட்டு நோய்களைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நோய்களில் பங்குள்ள இடங்களாக 109 கிடைத்தன. 2023-ல் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் மரபணுத் தகவலை வைத்து மது, புகையிலை, கஞ்சா, ஓபியாய்டு (அபின் வகைப் பொருட்கள்) ஆகிய நான்கு அடிமைத்தனங்களையும் ஒன்றாக ஆராய்ந்தார்கள். எந்தப் பொருள் என்ற பேதமில்லாமல் பொதுவாக அடிமைத்தனத்தோடு தொடர்புள்ள 19 இடங்கள் தெரிந்தன. மூளையில் பரிசு உணர்வோடு தொடர்புள்ள ரசாயனமான டோபமினின் ஒழுங்கோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள் அவற்றில் முன்னால் நின்றன. அதே மரபணுச் சுமைக்கு மனநோய்களோடும் தொடர்பு இருந்தது.

ஒவ்வொரு இடத்தின் பங்கும் துளியளவுதான். ஆயிரக்கணக்கான துளிகள் சேர்ந்துதான் ஒரு சாய்வு உண்டாகிறது. "குடிக்க வைக்கும் ஜீன் கண்டுபிடிப்பு" என்று எங்காவது தலைப்பைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

ஆக, அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பிள்ளைகளுக்கு இறங்குவது பெயர் ஒட்டிய நோய் அல்ல. ஆசை வந்தால் அடக்குவது கொஞ்சம் கடினம், பதற்றம் சீக்கிரம் ஏறும், ஏறினால் இறங்க நேரமாகும், மூளையின் பரிசு உணர்வு சற்று வேறு மாதிரி வேலை செய்யும் என்பது போன்ற தன்மைகள்தான் இறங்குகின்றன. ஒருவரிடம் அது குடியாக வெளிப்படுகிறது, ஒருவரிடம் மனச்சோர்வாக, இன்னொருவரிடம் இரண்டுமாக, வேறொருவரிடம் எதுவுமாக இல்லாமலும் போகிறது. இதற்கு மேல் ஒவ்வொரு பொருளுக்கும் தனியான மரபணுக்களும் உண்டு. மதுவைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் சில வகைகள், ஒரு வாய் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்ட வைக்கும். அந்த வகை உள்ளவர்கள் குடிக்கு அடிமையாவது மிகக் குறைவு. மரபணு பாதுகாக்கவும் செய்யும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் கஞ்சாவுக்குப் பங்கு இல்லையா? உண்டு. சுவீடனில் ராணுவப் பணிக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1987-ல் வெளியானது. பணிக்கு வரும் முன்பே 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது கஞ்சாவைத் தொடாதவர்களைவிட 6 மடங்கு. முன்பே இருந்த மனநலப் பிரச்சினை, குடும்பச் சூழல் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால் அது 2 மடங்கைச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கியது. இறங்கியது, ஆனால் மறைந்துவிடவில்லை. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு என்று 2019-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு சொன்னது. மறுபக்கம், மனச்சிதைவுக்கான மரபணுச் சுமை அதிகமுள்ளவர்கள், நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களானாலும், கஞ்சாவைத் தொடும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது.

அதாவது சாய்வு அண்ணனைக் கஞ்சாவின் பக்கம் தள்ளியிருக்கலாம்; கஞ்சா நோயைச் சீக்கிரம் வெளியே இழுத்திருக்கலாம்; நோயின் முதல் கலக்கங்களை அடக்க அவர் மேலும் கஞ்சாவைத் தேடியிருக்கலாம். மூன்றும் ஒன்றாக நடந்திருக்கலாம். அவர் விஷயத்தில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். வளர்ப்பில் தவறிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால், இந்த நோய்க்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

அந்த இரண்டு கிளாஸ்

இப்போது உங்களைப் பற்றிப் பேச வேண்டும். அண்ணனைப் பற்றி மூன்று பக்கம், அப்பாவைப் பற்றி ஒரு பக்கம், பிறக்காத குழந்தையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி எழுதியது ஒரே வரி. "எந்தப் பழக்கமும் கிடையாது" என்று தொடங்கிய அந்த வரியில் மதுவும் இருக்கிறது, வேறொருவருடைய மாத்திரையும் இருக்கிறது.

உங்களைக் குடிநோயாளி என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் குடும்ப வரலாறு உங்கள் வாழ்க்கையைத் தொடுகிற இடத்தைத் தேடினால், இன்றைய தேதியில் அது மனச்சிதைவு பயத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. உங்களுக்குள் பதற்றம் இருக்கிறது. இரவில் தனியாக இருக்கும்போது அது ஏறுகிறது. அதை அடக்க ஒயின் உதவுகிறது என்று உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. அப்பாவின் குடியும் அம்மாவின் சோர்வும் ஒரே இடத்தில் சந்திப்பது இப்படித்தான்.

"எனக்கு ஏறவே ஏறாது" என்று ஒரு நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் அதிகம் உறுத்தியது. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷுக்கிட், குடிக்கு அடிமையானவர்களின் மகன்களை இளம் வயதில் கூப்பிட்டு, அளந்து மது கொடுத்து, அவர்கள் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு பல வருடம் அவர்களைத் தொடர்ந்தார். எளிதில் போதை ஏறாதவர்களே பிற்காலத்தில் மதுப் பிரச்சினையில் அதிகம் மாட்டினார்கள். போதும் என்று உடம்பு சொல்லும் குரல் அவர்களுக்குத் தாமதமாகக் கேட்கிறது. அதனால் அளவு கூடுகிறது. இந்தத் தன்மையும் ஓரளவு பரம்பரையாக வருவதுதான். குடும்பத்தில் மதுப் பிரச்சினை உள்ள ஒருவருக்கு 'ஏறாது' என்பது எச்சரிக்கை மணி.

தூக்கத்துக்கும் இது நல்ல மருந்து அல்ல. மது சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மை. சில மணி நேரத்தில் அது உடம்பிலிருந்து இறங்கியதும் மூளை எதிர்த்திசையில் விழித்துக்கொள்ளும். இரவின் பின்பாதி துண்டு துண்டாகும். மறுநாள் பதற்றம் கூடும். அன்று இரவு மறுபடி ஒயின் தேவைப்படும். "இரண்டு மணிக்கு மேல் விழிப்பு வந்துவிடுகிறது" என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அண்ணனின் தூக்க மாத்திரையை இனி தொடாதீர்கள். ஒயினுக்கு மேல் தூக்க மாத்திரை என்பது மூச்சை மந்தமாக்கும் இரண்டு பொருட்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது. வீட்டில் யாரும் இல்லாத இரவில் அதைச் செய்கிறீர்கள் என்பது இன்னும் மோசம். 'பாதிதானே' என்ற சமாதானம் இங்கே உதவாது.

என்ன செய்யலாம்? நீங்கள் எழுதிய அளவுதான் என்றால் வீட்டிலேயே நிறுத்திவிடலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் இன்னும் கெடும். அதை முன்பே தெரிந்து வைத்துக்கொண்டால் 'ஒயின் இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது' என்ற தவறான முடிவுக்கு வர மாட்டீர்கள். ஆனால் உண்மையில் தினமும் குடிக்கிறீர்கள், காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அப்போது மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். வெட்கத்தில் கடிதத்தில் குறைத்து எழுதுவது எல்லோரும் செய்வதுதான். என்னிடம் குறைத்துச் சொன்னாலும் பரவாயில்லை, நேரில் பார்க்கும் மருத்துவரிடம் குறைக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் படிவத்தை அவர் தருவார், சில நிமிட வேலை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை இல்லாத நல்ல சிகிச்சையே இருக்கிறது. படுக்கும் நேரத்தையும் படுக்கையில் விழித்திருக்கும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தி, தூக்கம் பற்றிய பயத்தைக் குறைக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை. சில வாரங்களில் பலன் தெரியும். பதற்றத்தை முதலில் சரிசெய்துவிட்டு ஒயினைப் பிறகு பார்க்கலாம் என்றோ, ஒயினை விட்ட பிறகுதான் பதற்றத்துக்குச் சிகிச்சை என்றோ யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பரிசோதனை

உங்களுக்கோ குழந்தைக்கோ மனச்சிதைவோ அடிமைத்தனமோ வருமா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்கு அது உதவும், தனி ஆளுக்கு முடிவு சொல்லாது. அதன் அடிப்படைத் தகவல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை என்பதால் மற்றவர்களுக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும். உமிழ்நீர் அனுப்பினால் மனநோய் ஆபத்தைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. 22-ம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போகும் நிலை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வருகிறது. அண்ணனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு, அண்ணப் பிளவு (மேல்வாயில் பிளவு), கற்றலில் சிரமம் போன்றவை இருந்திருந்தால் அவருடைய மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அப்போது அவருக்கு அந்தச் சோதனை பொருள் உள்ளது.

குழந்தையும் கணவரும்

குழந்தை வேண்டாம் என்று சொல்ல மருத்துவத்தில் காரணம் எதுவும் இல்லை. பெற்றுக்கொள்வது உங்கள் இருவருடைய முடிவு. உறவினருக்கும் எனக்கும் அதில் ஓட்டு கிடையாது. மது மட்டும் இப்போதே, கர்ப்பத்துக்கு முயற்சி செய்யத் தொடங்கும் முன்பே நிற்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் இல்லை. கர்ப்பம் என்று தெரிய வருவதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். அம்மாவுக்கு மனச்சோர்வு வந்திருப்பதால் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் உங்களைக் கவனிக்க ஆள் வேண்டும். இதை மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். அந்த நாட்களில் இரவில் சில மணி நேரமாவது தொடர்ந்து நீங்கள் தூங்க யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

குழந்தை வளரும்போது நீங்கள் செய்யக்கூடியது நிறைய. மனச்சிதைவு உள்ள தாய்மார்களின் பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்பட்ட பின் எப்படி இருக்கிறார்கள் என்று பின்லாந்தில் பல வருடம் பார்த்தார்கள். பேச்சும் அரவணைப்பும் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நோய் வந்தது மிகக் குறைவு. பரம்பரைச் சாய்வு இருந்தும் கெட்ட சூழலில் வளர்ந்தவர்களுக்குத்தான் அது அதிகம் வெளிப்பட்டது. பதின்ம வயதில் கஞ்சா கூடவே கூடாது என்பதை ஒளிக்காமல் காரணத்தோடு சொல்லலாம்: "நம் குடும்பத்து மூளைக்கு இது மற்றவர்களைவிட அதிகம் கெடுதல்." மதுவைத் தொடும் வயது தள்ளிப் போவதும் நல்லது. 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் பின்னாளில் அடிமையானவர்கள், 20-க்குப் பிறகு தொடங்கியவர்களைவிட நான்கு மடங்கு என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சீக்கிரம் தொடங்குவதே பரம்பரைச் சாய்வின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் முழுப் பழியையும் வயதின் மேல் போட முடியாது. ஆனாலும் தள்ளிப் போடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கணவரிடம் என்ன சொல்வது? உங்கள் ஒயினையும் தூக்கத்தையும் சொல்லுங்கள், அதை முதலில் சொல்லுங்கள். அவர் இரவுப் பணிக்குப் போகும் நாட்களில்தான் இது நடக்கிறது. அவருக்குத் தெரியாமல் இதை நிறுத்துவது உங்களுக்கு இரட்டிப்புக் கஷ்டம். அப்பா எதனால் இறந்தார் என்பதையும் சொல்லலாம். அதை மறைக்கச் செலவாகும் சக்தி வேறு வேலைக்கு ஆகும். அண்ணனின் நோய் விவரம் மட்டும் அண்ணனுக்குச் சொந்தமானது. குழந்தை பற்றிப் பேசப் போகிறோம், உன் நோயைப் பற்றி அவரிடம் முழுதாகச் சொல்லலாமா என்று அவரையே கேளுங்கள். மருந்தளவு சரியாகி அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் கேட்பது நல்லது. பெரும்பாலும் 'சரி' என்றுதான் சொல்வார். வேண்டாம் என்றால், 'உடன்பிறந்தவருக்குத் தீவிரமான மனநோய் உண்டு' என்ற அளவே மருத்துவ ஆலோசனைக்குப் போதும்.

அப்புறம், உங்கள் கடிதம் முழுக்க ஒரு குடும்பம்தான் இருக்கிறது. பிறக்கப் போகும் குழந்தைக்குப் பாதி மரபணுக்கள் கணவரிடமிருந்து வரும். அவர் வீட்டிலும் பேசாமல் விட்ட ஒரு பெரியப்பாவோ, சின்ன வயதில் 'எப்படியோ' இறந்துபோன ஓர் அத்தையோ இருக்கலாம். அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். மரபணு ஆலோசகரைப் பார்ப்பதென்றால் இருவருமாகப் போங்கள். இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறைக்கு யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது, குடி, புகை, தற்கொலை முயற்சி என்று தெரிந்ததை எழுதி எடுத்துக்கொண்டு போனால் முதல் சந்திப்பிலேயே உருப்படியாகப் பேச முடியும். அம்மாவைக் கேட்டால் அப்பா வழிக் கதைகள் பாதி கிடைத்துவிடும்.